பழைய பொருளும் முகம் தெரியாத மனிதரும்

நம் வீடுகளைச் சற்றே சுற்றிப் பார்ப்போம். பயன்படாமல் கிடக்கும் பொருள் ஒன்றாவது கண்ணில் படாமல் இராது. பிள்ளைகள் ஓட்டி முடித்த மிதிவண்டி, புதியது வாங்கியதும் ஓரம் கட்டப்பட்ட கைப்பேசி, திருமணத்திற்கு வந்த இரண்டாவது மிக்ஸி என்று பட்டியல் நீளும். திருப்பூர் பின்னலாடைத் தொழிலை நம்பி வாழும் நம் பகுதியில் இத்துடன் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். அதுதான் தையல் இயந்திரம். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கலாம் என்று கடன் வாங்கிப் போட்ட ஓவர்லாக் அல்லது பேட்லாக் இயந்திரம், ஆர்டர் குறைந்ததும் போர்வை போர்த்தி மூலையில் நின்றுவிடுகிறது. பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய மாதத்தில் குடும்பத்தின் கண் அந்த மூலைக்குத்தான் போகும்.

இப்பொருள்களை விற்க இன்று நாம் கடைகளைத் தேடி அலைவதில்லை. கைப்பேசியில் நான்கு படங்கள் எடுத்து, விலையைக் குறிப்பிட்டு, இணையத்தில் போட்டுவிடுகிறோம். அரை மணி நேரத்தில் கேள்விகள் வரத் தொடங்குகின்றன. நம் பொறுமைக்கான சோதனையும் அப்போதே தொடங்கிவிடுகிறது.

'இருக்கா?' என்று ஒருவர் கேட்கிறார். 'இருக்கிறதுங்க' என்று பதில் அனுப்பினால் அவரிடமிருந்து அதன்பின் பேச்சே இல்லை. இன்னொருவர் பொருளைப் பற்றி எதுவும் கேட்காமல், 'கடைசி விலை என்ன?' என்று மட்டும் கேட்கிறார். எட்டாயிரம் என்று போட்ட பொருளை மூவாயிரத்துக்குக் கேட்பவர் உண்டு. 'ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்' என்று உறுதி சொல்பவரும் உண்டு. அவரை நம்பி மற்றவர்களை அனுப்பிவிட்டு, வெளியே எங்கும் போகாமல் வீட்டிலேயே காத்திருப்போம். மாலையில் அழைத்தால் அவருடைய கைப்பேசி அணைக்கப்பட்டிருக்கும். அப்படியே ஒருவர் நேரில் வந்துவிட்டாலும், தொலைபேசியில் பேசி முடித்த விலையை வாசலில் நின்று மீண்டும் பாதியாகக் குறைப்பார்.

இதெல்லாம் சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பணத்தை நம்பி ஒரு செலவைத் திட்டமிட்டிருக்கும் குடும்பத்திற்கு இது சின்ன விஷயம் அல்ல. ஒவ்வொரு ஏமாற்றமும், மனிதர் மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத்தான் போகிறது. ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் கோபமும் குறையும், பணமும் காப்பாற்றப்படும்.

முன்பின் தெரியாதவரிடம் விற்பது நமக்குப் புதிய அனுபவம் அல்ல. பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் உள்ள குண்டடத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் சந்தை ஆடு மாடுகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே விற்பவரும் வாங்குபவரும் உறவினர்களோ ஒரே ஊர்க்காரர்களோ ஆக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனாலும் வியாபாரம் நடக்கிறது. எப்படி?

முதலாவதாக, பொருள் கண்முன்னே நிற்கிறது. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். இரண்டாவதாக, நடுவில் ஒரு தரகர் இருக்கிறார். மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் கைவிட்டு, விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். குறைத்துக் கேட்டாலும் அது நாலு பேர் காதில் விழாது என்பதால், விற்பவரின் மதிப்பும் கெடுவதில்லை. மூன்றாவதாக, பேச்சு முடிந்ததும் அச்சாரம் கை மாறுகிறது. சிறு தொகைதான் என்றாலும், 'நான் வருவேன்' என்ற சொல்லுக்கு அது எடை கொடுக்கிறது. நான்காவதாக, அடுத்த வாரமும் அதே சந்தைக்குத்தான் எல்லாரும் வரவேண்டும். சொல் தவறியவர் அங்கே தலைகாட்டுவது கடினம்.

சந்தையில் ஏமாற்றே இல்லை என்று சொல்ல வரவில்லை. தரகர் கூலி உண்டு, நோயை மறைத்து விற்பதும் உண்டு. ஆயினும் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்கு நம் முன்னோர் வகுத்துக்கொண்ட ஏற்பாடுகள் இவை. இணையத்தில் பொருளை விற்கும்போது இந்த நான்குமே இல்லாமல் போய்விடுகின்றன.

இந்த மாற்றம் ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் நடந்துவிட்டது. 2004இல் பாஸி டாட் காம் என்ற இந்திய ஏல இணையதளத்தை அமெரிக்காவின் ஈபே நிறுவனம் வாங்கியது. ஓஎல்எக்ஸ் 2006இலும், குவிக்கர் 2008இலும் தொடங்கப்பட்டன. பழையதை வைத்துக்கொண்டிருக்காதே, விற்றுவிடு என்ற விளம்பரங்கள் தொலைக்காட்சியில் ஓயாமல் ஒலித்த காலம் நமக்கு நினைவிருக்கும். முகநூல் தன் சந்தைப் பகுதியை 2016இல் தொடங்கியது. ஈபேயின் இந்திய இணையதளம் 2018இல் மூடப்பட்டது. இன்று ஊர்தோறும் உள்ள வாட்ஸ்அப் குழுக்களும் ஒருவகைச் சந்தையாகவே மாறியுள்ளன.

இனி, இந்தச் சந்தையில் நாம் படும் எரிச்சலுக்கான காரணங்களைப் பார்ப்போம்.

முதல் காரணம், கேட்பதற்குச் செலவே இல்லை என்பது. சந்தைக்கு வருபவர் பேருந்துக் கட்டணமும் அரை நாள் கூலியும் கொடுத்து வருகிறார். எனவே வாங்கும் எண்ணம் உள்ளவர்தான் பெரும்பாலும் விலை கேட்பார். கைப்பேசியில் அப்படி இல்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் இருபது பேரிடம் 'இருக்கா?' என்று கேட்டுவிட முடியும். அவர்களில் பத்தொன்பது பேருக்கு அவர் பதில் சொல்லப்போவதில்லை. இதில் நம்மை அவமதிக்கும் நோக்கம் அவருக்கு இருப்பதில்லை.

இரண்டாவது காரணத்தை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்கள்தான். காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர், 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லாக் கார்களுக்கும் குறைத்தே விலை கேட்கிறார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் ஒதுங்கிக்கொள்கிறார். மிஞ்சுவது குறையுள்ள கார்கள். அதைக் கண்டு விலை இன்னும் இறங்குகிறது. இந்தச் சிந்தனைக்காக அவருக்கு 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் தையல் இயந்திரத்தைப் பாதி விலைக்குக் கேட்பவரின் மனநிலை இதுதான். நமக்கு முன்னால் யாரோ சொன்ன பொய்க்கான விலையை நாம் கொடுக்கிறோம்.

மூன்றாவது காரணம் நம்மிடமே உள்ளது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களில் பாதிப்பேருக்குக் காப்பிக் கோப்பைகளைக் கொடுத்தார்கள். பிறகு அவற்றை மற்ற மாணவர்களுக்கு விற்கச் சொன்னார்கள். கோப்பை கையில் இருந்தவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் தர முன்வந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில நிமிடங்களுக்கு முன்பு கைக்கு வந்த கோப்பைக்கே இந்த நிலை என்றால், பத்து ஆண்டுகள் நமக்குச் சோறு போட்ட இயந்திரத்திற்கு எவ்வளவு மதிப்புப் போடுவோம்! நாம் அதில் நம் உழைப்பைப் பார்க்கிறோம். வாங்க வருபவர் தேய்ந்த பாகங்களைப் பார்க்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை.

எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். மோசடியைப் பொறுத்துக்கொள்ள முடியாது. யுபிஐ பணப் பரிமாற்றம் 2016இல் அறிமுகமானபின் பரவிய ஒரு மோசடியை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்குபவர்போல் ஒருவர் பேசுவார். பேரம் பேசவே மாட்டார். சிலர் தம்மை இராணுவ வீரர் என்று சொல்லி, அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார்கள். முகாமை விட்டு வர இயலாது, பொருளை எடுக்க வண்டி அனுப்புகிறேன், பணத்தை இப்போதே அனுப்புகிறேன் என்பார்கள். பிறகு ஒரு கியூஆர் குறியீடு வரும். அதை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணைப் போட்டால் பணம் வரும் என்பார்கள். எண்ணைப் போட்டதும் பணம் நம் கணக்கிலிருந்து போய்விடும்.

2021 பிப்ரவரியில் டில்லியின் அன்றைய முதலமைச்சருடைய மகளே, ஒரு பழைய சோபாவை இணையத்தில் விற்க முயன்று இந்த முறையில் 34,000 ரூபாயை இழந்தார். முதலில் ஒரு சிறு தொகையை உண்மையாகவே அனுப்பி நம்பிக்கையைப் பெற்றபின் ஏமாற்றினார்கள். ஆகவே ஏமாந்தவர்களை 'படிக்காதவர்', 'விவரம் இல்லாதவர்' என்று ஏளனம் செய்வதை நாம் விட்டுவிட வேண்டும். அந்த ஏளனத்திற்குப் பயந்தே பலர் வீட்டில்கூடச் சொல்லாமல் மறைக்கிறார்கள்.

நாம் மனதில் பதிக்கவேண்டியது ஒன்றே ஒன்று: பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. ஒருவர் தம் கைப்பேசியிலிருந்து மற்றொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுள்ளது. ஆனால் கியூஆர் குறியீட்டைக் காட்டி ஏமாற்றும் வழி அடைபடவில்லை. பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தையும் நம்பவேண்டாம். நம் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்தபிறகே பொருளைக் கொடுப்போம். ஏமாற நேர்ந்தால், வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணை அழைப்போம். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை இடைமறித்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

இருசக்கர வண்டியை விற்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்ததோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பதிவுச் சான்றிதழில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்ற அடிப்படையில், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவுபடுத்தியது. எனவே 29, 30 ஆகிய படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் முடிந்ததா என்று பார்ப்பது அவசியம். மாநிலத்திற்குள் விற்றால் 14 நாள்களுக்குள் விற்றவர் தகவல் தெரிவிக்க வேண்டும். கைப்பேசியை விற்பதாக இருந்தால், உள்ளே உள்ள படங்களையும் கணக்குகளையும் முழுவதும் அழித்துவிட்டே கொடுக்கவேண்டும். பழைய கைப்பேசி வாங்குபவர்கள், அதன் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்தால், அது திருட்டுப்போனதாக முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவும் பிறரிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள். நம்மிடமிருந்து பிறரைக் காக்கும் கடமையும் நமக்கு உண்டு அல்லவா? குண்டடத்தின் வடுகநாதர் கோயிலைப் பற்றி மக்கள் சொல்லும் ஒரு கதை உண்டு. மிளகு மூட்டைகளோடு வந்து தங்கிய வியாபாரி ஒருவரிடம் கொஞ்சம் மிளகு கேட்கப்பட்டதாம். கொடுக்க மனமில்லாத அவர், 'மூட்டையில் இருப்பது பயறு' என்று சொல்லிவிட்டார். விற்கும் இடத்தில் மூட்டையை அவிழ்த்தால் உள்ளே பயறுதான் இருந்ததாம். தன் சரக்கைப் பற்றி ஒருவன் சொல்லும் பொய் அவனுடைய சரக்கையே கெடுத்துவிடும் என்பதை, பொருளியல் அறிஞர்களுக்கு முன்பே நம் ஊர் மக்கள் அறிந்திருந்தார்கள் என்றே இக்கதை காட்டுகிறது.

ஆகவே படம் எடுக்கும்போது கீறலையும் சேர்த்தே எடுப்போம். எத்தனை ஆண்டு ஓடியது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எது சரியாக வேலை செய்யவில்லை என்பதை எழுதிவிடுவோம். இதனால் கேள்விகள் குறையும், வீண் அலைச்சல் குறையும், வாசலில் வந்து விலையைக் குறைப்பதற்கான சாக்கும் இல்லாமல் போகும். பொருளை மின்சாரத்தில் ஓட்டிக் காட்டி, பகல் நேரத்தில், வீட்டில் மற்றவர்களும் இருக்கும்போது கொடுப்போம். வெளியிடத்தில் சந்திப்பதானால் ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்ப்போம். விற்றுவிட்டால் விளம்பரத்தை அன்றே எடுத்துவிடுவோம்.

வாங்கும் இடத்தில் நாம் இருக்கும்போதும் இதே அளவுகோல்தான். வேண்டாம் என்றால், 'வேண்டாம்ங்க' என்று ஒரு வரி அனுப்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? வருவதாகச் சொன்ன நாளில் வரமுடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடலாமே. பேசி முடித்த விலையை, அடுத்தவரின் அவசரத்தைப் பார்த்துக் குறைப்பது சாமர்த்தியம் ஆகாது.

பழைய தையல் இயந்திரத்தைத் தேடி வருபவர் யார் என்றும் எண்ணிப் பார்ப்போம். புதியது வாங்கப் பணம் இல்லாமல், வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்கலாம் என்று நினைக்கும் ஒரு பெண்ணாக இருக்கலாம். வேலை தேடி வெளிமாநிலத்திலிருந்து வந்து, ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கும் ஒரு தம்பதியாகவும் இருக்கலாம். அவர் பலமுறை விலை கேட்பது, கையில் உள்ள பணம் அவ்வளவுதான் என்பதாலும் இருக்கலாம். அவருக்கும் ஏமாந்துவிடுவோமோ என்ற அதே அச்சம் உண்டு.

இணையச் சந்தையில் தரகர் இல்லை, துண்டு இல்லை, அச்சாரம் இல்லை. அங்கே நமக்கு மிஞ்சியிருப்பது நாம் சொல்லும் சொல் ஒன்றுதான். விற்கும்போதும் வாங்கும்போதும் அதைக் காப்பாற்றுவோம்.