மண்ணில் ஒரு குறை, இருதயத்தில் ஒரு நோய்

பயிருக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் வேண்டும் என்பதை விவசாயிகள் நன்கு அறிவர். ஆனால், மண்ணில் அணுவளவே காணப்படும் ஒரு பொருள், அம்மண்ணின் தானியத்தை உண்பவரது இருதயத்தையும் காக்கக்கூடும் என்பதைப் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். கந்தகத்தின் இனத்தைச் சேர்ந்த ஸெலினியமே அப்பொருள்.

சீனாவின் வடகிழக்கிலுள்ள கேஷான் வட்டாரத்தில் 1935-ஆம் ஆண்டில் ஒரு கொடிய நோய் கண்டது. இருதயத் தசை நலிந்து மக்கள் மாண்டனர். குழந்தைகளும், பிள்ளைபெறும் வயதுடைய பெண்களுமே பெரும்பாலும் இதற்கு இரையாயினர். வடகிழக்கிலிருந்து தென்மேற்குவரை ஒரு நீண்ட பட்டைபோல் அமைந்த ஊர்களில் இந்நோய் பரவியிருந்தது. அவ்வூர் மண்ணில் ஸெலினியம் மிகக் குறைவு. மக்களோ தம் நிலத்தில் விளைந்ததையே உண்டு வாழ்ந்தவர்கள்.

1974-ஆம் ஆண்டில் ஸிச்சுவான் மாகாணத்தின் மியன்னிங் பகுதியில் 4,510 குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை ஸோடியம் ஸெலினைட் மாத்திரை கொடுக்கப்பட்டது. ஐந்து வயது வரை அரை மில்லிகிராம்; அதற்கு மேல் ஒரு மில்லிகிராம். வேறு 3,985 குழந்தைகளுக்கு ஸெலினியம் சேராத மாத்திரை தரப்பட்டது. ஸெலினியம் பெறாதவர்களில் 54 பேரை நோய் பற்றியது. பெற்றவர்களில் 10 பேரையே பற்றியது. 1976 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஸெலினியம் வழங்கினர். இம்மாத்திரை நோயை வருமுன் தடுத்ததேயன்றி, முன்பே கெட்ட இருதயத்தைச் சீராக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இது எவ்வாறு வேலை செய்கிறது? அடுப்பு எரிந்தால் புகை எழுவதுபோல், உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்துகையில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்ற அரிக்கும் பொருள்கள் உண்டாகின்றன. அவற்றை நீராக மாற்றித் தீங்கை அகற்றும் நொதி ஒன்று உடலில் உண்டு. அந்நொதியின் ஓர் உறுப்பே ஸெலினியம் என்பது 1973-இல் தெளிவாயிற்று. அந்நொதியின் வேலையைச் செய்யவல்ல எப்ஸெலென் என்னும் செயற்கைச் சேர்மத்தையும் விஞ்ஞானிகள் மருந்தாகச் சோதித்துள்ளனர்.

அப்படியாயின் நாமும் மாத்திரை வாங்கி உண்ணலாமே என்று எவரும் விரைய வேண்டியதில்லை. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 மைக்ரோகிராம் போதும். 400-ஐத் தாண்டினால் ஆபத்து. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறே மைக்ரோகிராம்! அமெரிக்காவில் 35,000-க்கு மேற்பட்ட ஆண்களைக் கொண்டு நடந்த பெரிய சோதனையில், ஸெலினியம் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கவில்லை என்று கண்டு, 2008-இல் மாத்திரையை நிறுத்திவிட்டனர். அதே சீனாவின் என்ஷி பகுதியில், 1961 முதல் 1964 வரை, ஸெலினியம் மிகுந்த மண்ணில் விளைந்த உணவை உண்டவர்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்தன.

நம் நாட்டிலும் பஞ்சாபின் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பகுதிகளில் சில கிராமங்களின் மண்ணில் இச்சத்து மிகுந்துள்ளது. சிவாலிக் குன்றுகளிலிருந்து வெள்ளம் அடித்துவந்த வண்டலே இதற்குக் காரணம் என்பர். அங்கு விளைந்த தீவனத்தைத் தின்ற எருமைகளுக்குக் குளம்பு கழன்றது; கோதுமைப் பயிரும் வெளிறியது. அத்தகைய நிலத்தில் ஜிப்ஸம் இட்டால், அதிலுள்ள கந்தகச் சத்து வேருக்குள் முந்திப் புக, பயிர் ஏற்கும் ஸெலினியம் குறைகிறது.