கணக்கைக் காக்கும் கணினி

முன்பெல்லாம் தோட்டத்துக் கிராணியார் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். அதில் ஒரு நாள் விடுபட்டால் நம் வீட்டில் ஒரு நாள் கூலி போயிற்று. இன்று சம்பளக் கணக்கும், கூட்டுறவுச் சங்கத்தில் நாம் கட்டிய பணமும் கணினியில் ஏறிவிட்டன. ஆகவே அந்தக் கணினியைப் பற்றி நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

கணக்குகளை ஒழுங்காக அடுக்கி வைத்து, கேட்டவுடன் எடுத்துத் தரும் மென்பொருளுக்குத் தரவுத்தளம் என்று பெயர். அதைக் கிராணியார் என்று வைத்துக்கொண்டால், அவர் உட்காரும் ஆபீசும் அலமாரியும் பூட்டும்தான் இயங்குதளம். பூட்டு கெட்டுப்போனால், கிராணியார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் என்ன பயன்?

இயங்குதளங்களில் விண்டோஸ் செர்வருக்கு உரிமக் கட்டணம் உண்டு. 1991-ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினுஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்சில், உபுண்டு, டெபியன் போன்ற வகைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படியானால் இலவசத்தையே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அவசரப்படக் கூடாது.

முதலில், தரவுத்தளம் எதில் ஓடும் என்று பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டும் விண்டோசிலும் ஓடும், லினக்சிலும் ஓடும். மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் செர்வரோ 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் லினக்சுக்கு வந்தது.

அடுத்து, எத்தனை ஆண்டுகளுக்குப் பழுது பார்த்துத் தருவார்கள் என்று கேட்க வேண்டும். திருடர்கள் நுழையும் ஓட்டைகள் அவ்வப்போது தெரியவரும். அவற்றை அடைக்கும் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். சென்ட்ஓஎஸ் 8 என்னும் இலவச லினக்சுக்கு 2029 வரை திருத்தம் வரும் என்று நம்பிப் பலர் நிறுவினார்கள். 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2021 முடிவோடு அது நின்றுபோனது. நம்பியவர்கள் அவசரமாக வேறு தளத்துக்குக் கணக்குகளை மாற்ற வேண்டியதாயிற்று.

மூன்றாவது, மின்சாரத் தடை. எழுதும் கணக்கை இயங்குதளம் உடனே வட்டில் பதிக்காமல், சற்று நேரம் நினைவகத்தில் வைத்திருப்பதுண்டு. அதற்குள் கரண்டு போனால் அது அழிந்துவிடும். ஆகவே தரவுத்தளம், “இப்போதே வட்டில் பதி” என்று இயங்குதளத்திடம் கேட்கும். அந்தச் சொல்லைத் தவறாமல் நிறைவேற்றும், நன்கு பழகிச் சோதிக்கப்பட்ட பதிப்பே நமக்கு வேண்டும். நேற்று வந்த புதுப் பதிப்புக்கு ஆசைப்படலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள். விண்டோஸ் மட்டும் தெரிந்தவரிடம் லினக்சை ஒப்படைத்தால், மிச்சம் பிடித்த பணம் ஒரே கோளாறில் கரைந்துவிடும். பராமரிப்பவருக்கு நன்கு கைவந்த தளமே நல்ல தளம்.

நேயர்களே, அடுத்த சங்கக் கூட்டத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: “நம் கணினிக்குத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும்? பார்த்துக்கொள்பவர் யார்? கணக்கின் நகல் வேறோர் இடத்தில் இருக்கிறதா?” பணம் நம்முடையது, கேட்கும் உரிமையும் நம்முடையதே.