செருப்பு கழன்றது கூடத் தெரியவில்லை!

எனக்கு வயது 36. இரண்டு பிள்ளைகள். போன வருஷம் ஆடி மாசம், தண்ணீர் லாரி வந்த அன்று நிறைகுடத்தைக் குனிந்து தூக்கி இடுப்பில் வைத்தேன். சுள்ளென்று ஒரு பிடிப்பு. தைலம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நாலே நாளில் அந்த வலி வலது பிட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்காலின் வெளிப்பக்கம் என்று கரண்ட் அடித்த மாதிரி பாதம் வரை இறங்கிவிட்டது. இருமினால், தும்மினால் உயிர் போகும். அருவாமனையில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு பேர் வைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா 'வாய்வு' என்றார். சுளுக்கு வழிக்கும் தாத்தா, நரம்பு பிசகியிருக்கிறது என்று காலை இழுத்துவிட்டார். அன்று ராத்திரி முழுக்க அழுதேன். தெருமுனை டாக்டர் உட்கார்ந்த இடத்திலேயே ஊசி போட்டு, "கால்சியம் கம்மி. பொம்பளைங்களுக்கு முப்பத்தஞ்சுக்கு மேல இப்படித்தான்" என்றார். எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு நன்றாக இருக்கிறதாம். உடனே என் மாமியார், "படத்துலயே ஒண்ணும் இல்லையாம், அப்புறம் என்ன வலி?" என்றார். அந்த வார்த்தை இடுப்பை விட அதிகம் வலித்தது. மூன்று மாசம் வலி மாத்திரையாக வாங்கிப் போட்டதில் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

ஒருநாள் மகளை ஸ்கூலில் விட்டுத் திரும்பும்போது, அவள் தோழியின் அம்மா, "உங்க செருப்பு அங்கேயே கிடக்குங்க" என்று கூப்பிட்டார். வலது காலில் செருப்பு இல்லை! கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது கால் கட்டைவிரலை மேலே தூக்க முடியவில்லை. பயந்துபோய் அவரிடம் சொன்னேன். மறுநாளே லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

காலையில் இருந்து வரிசை. ஆனால் அங்கே எலும்பு டாக்டரம்மா பார்த்த விதத்தை எழுதியே ஆக வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினார். வலது கால் பாதி உயரம்கூடப் போகவில்லை, கத்திவிட்டேன். குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது பாதம் தொய்ந்தது. பஞ்சால் தடவி எங்கே மரத்திருக்கிறது என்று கேட்டார். இத்தனை மாசத்தில் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்த முதல் டாக்டர் அவர்தான்.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வும் நரம்பும் தெரியாதாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், இடுப்புப் பகுதியின் நாலாவது, ஐந்தாவது முதுகெலும்புக்கு நடுவில் ஜவ்வு பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவது தெரிந்தது. சயாடிகா என்பது இந்த வலியைத்தான். "எல்லாருக்கும் ஸ்கேன் வேணாம்மா, நிறைய பேருக்குச் சில வாரத்துல தானா குறையும். உங்களுக்குப் பாதத்துல பலம் குறைஞ்சதாலதான் எடுத்தேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார். மறைவிடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, இரண்டு காலும் துவண்டாலோ நடுராத்திரி ஆனாலும் ஓடி வர வேண்டுமாம். இதையெல்லாம் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், தோழியரே.

பலம் இன்னும் குறைந்தால் ஆபரேஷன் என்றார்கள். தினமும் சாமியை வேண்டிக்கொண்டு விரலைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி எழும்பும் பயிற்சி, படுத்தே கிடக்காமல் மெல்ல நடப்பது, சாப்பாட்டுக்குப் பிறகே மாத்திரை. மாசியில் வலி அநேகமாகப் போய்விட்டது. ஆபரேஷனும் தேவைப்படவில்லை. பாதத்தின் மேல்பக்கம் கொஞ்சம் மரப்பு மட்டும் இன்னும் இருக்கிறது.

இப்போது குடம் தூக்குவது அவர் வேலை. போன வாரம் மாமியார் மெதுவாக, "எனக்கும் முழங்கால் ஒரு மாதிரி இருக்கு, அந்த டாக்டரம்மாகிட்ட காட்டலாமா?" என்று கேட்டார். வியாழக்கிழமை இருவரும் போகிறோம்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.