பதினான்கு விநாடி அலை

ஜூலை மாதம், காலை ஐந்தே முக்கால் மணி. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் கோவளத்தில், இரவு கடலுக்குப் போன ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறுகின்றன. மணலில் பலகையோடு நிற்கும் பையன் ஒருவன், வலையை உதறிக்கொண்டிருக்கும் மீனவரிடம் கேட்கிறான்: “உள்ள எப்படிண்ணா இருக்கு?”

“காத்து கரையிலேர்ந்துதான். தெந்தி கொஞ்சம் இழுக்குது. பாத்து எறங்கு.”

தெந்தி என்பது தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் அது வன்னி. சென்னைக் கரையோர மீனவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்கள் இவை. பையனின் கைபேசியிலும் ஒரு பதில் இருக்கிறது. அலை 0.8 மீட்டர், 14 விநாடி, தென்தென்கிழக்கு. காற்று மேற்கு, மணிக்கு 9 கிலோமீட்டர். அலைச்சறுக்குக்காரர்கள் விடிந்ததும் முதலில் பார்ப்பது இப்படியொரு வரியைத்தான். புதிதாகப் பார்ப்பவருக்கு 0.8 என்பது மட்டும்தான் கண்ணில் படும். ‘இடுப்பளவுகூட இல்லையே’ என்று திரும்பிப் போகத் தோன்றும். அங்கேதான் ஏமாந்துவிடுவார்கள். அந்த வரியில் உயிர் இருப்பது 14 என்ற எண்ணில்.

விநாடிக் கணக்கு என்பது ஓர் அலையின் முகடு கடந்து அடுத்த முகடு வரும்வரை ஆகும் நேரம். பக்கத்துக் கடலில் அடிக்கும் காற்று கிளப்பும் அலைகள் ஐந்து, ஆறு விநாடிக்கு ஒன்றாகச் சளசளவென்று வரும். எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பெரும்புயல் கிளப்பிவிட்ட அலைகள் வழியில் தம்மைத் தாமே பிரித்து ஒழுங்குபடுத்திக்கொண்டு, பன்னிரண்டு, பதினான்கு, சில வேளை பதினெட்டு விநாடிக்கு ஒன்றாக வந்து சேரும். இவற்றைத்தான் ‘ஸ்வெல்’ என்கிறார்கள். காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு நீளமான கடற்பரப்பின் மேல் அடித்தது என்ற மூன்றும் சேர்ந்துதான் ஸ்வெல்லின் அளவைத் தீர்மானிக்கின்றன.

ஆழ்கடலில் 6 விநாடி அலையின் நீளம், அதாவது முகட்டுக்கும் முகட்டுக்கும் உள்ள தூரம், சுமார் 56 மீட்டர். 14 விநாடி அலைக்கு அது 300 மீட்டரைத் தாண்டும். அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வரை தண்ணீரை அசைக்கும். ஆகவே நீண்ட அலை வெகுதொலைவிலேயே தரையைத் தொட்டு, வேகம் குறைந்து, பின்னால் வரும் ஆற்றலையெல்லாம் மேல்நோக்கித் திரட்டிக்கொண்டு எழுகிறது. கடலியலாளர்கள் பயன்படுத்தும் வாய்ப்பாட்டில் போட்டுப் பார்த்தால், 6 விநாடி இடைவெளியுள்ள 1.2 மீட்டர் அலையும், 14 விநாடி இடைவெளியுள்ள 0.8 மீட்டர் அலையும் கரையில் உடையும்போது கிட்டத்தட்ட ஒரே உயரம்தான், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். கைபேசியில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தெரிந்தது கரையில் சமமாகி நிற்கிறது. பார்வைக்கும் வேறுபாடு உண்டு. முன்னது குழம்பிய தண்ணீர். பின்னது தொலைவிலேயே கோடு கோடாகத் தெரியும்.

அந்த 0.8 மீட்டரும் எல்லா அலைகளுக்கும் பொதுவான உயரம் இல்லை. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. சில ஆயிரம் அலைகளுக்கு ஒருமுறை, அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று எழுவது கடலின் வழக்கம்.

இந்தக் கணக்கெல்லாம் பிறந்தது போர்க்காலத்தில். இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டுப் படைகளைக் கப்பலிலிருந்து கரையிறக்க வேண்டியிருந்தது. தட்டையான இறங்குபடகுகள் உயர்ந்த அலையில் கவிழ்ந்துவிடும். எந்த நாளில் கரையலை தணிந்திருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் முறையை வால்ட்டர் மங்க் என்ற இளைஞரும் அவருடைய ஆசிரியர் ஹெரால்டு ஸ்வெர்ட்ரப்பும் கலிஃபோர்னியாவில் உருவாக்கினார்கள். 1944 ஜூனில் நார்மண்டிக் கரையிறக்கத்துக்கான அலைக் கணிப்பு அந்த முறையில்தான் போடப்பட்டது. மங்க் அதோடு நிற்கவில்லை. 1963-இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக் நெடுகிலும் அளவீட்டு நிலையங்கள் அமைத்து, தென்துருவத்தை ஒட்டிய கடலில் பிறந்த அலைகள் பூமத்தியரேகையைக் கடந்து 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் போய்ச் சேர்வதை அளந்து காட்டினார். வழியில் அவை இழந்த ஆற்றல் மிகச் சொற்பம். 2019-இல், 101 வயதில் அவர் மறைந்தார்.

கோவளத்துக்கு வரும் நீண்ட அலைகளின் பிறப்பிடமும் அந்தத் தென்கடல்தான். 15 விநாடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 42 கிலோமீட்டர் வேகத்தில், நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டர் நகரும். தெற்கே 50 டிகிரி அட்சரேகையில் அடித்த புயலின் அலை நம் கரைக்கு வர 7,000 கிலோமீட்டர், ஏறத்தாழ ஒரு வாரம். இடைவெளி நீண்ட அலைகள் வேகமாக ஓடுவதால் அவையே முதலில் வரும். இன்று 18 விநாடி, நாளை 15, மறுநாள் 13 என்று எண் இறங்கிக்கொண்டே வந்தால், தொலைவில் ஒரு புயல் ஓய்ந்துவிட்டது, அதன் மிச்சம் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு வாரம் முன்னதாகவே அலையைக் கணிக்க முடிவது இதனால்தான். புயல் நடந்து முடிந்துவிட்டது. அலை இன்னும் பயணத்தில் இருக்கிறது.

ஆனால் சென்னைக் கரைக்கு நடுவே ஒரு தீவு நிற்கிறது. வரைபடத்தில் கோவளத்திலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால், அது யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை அருகே போய் முட்டும். தென்மேற்கிலிருந்தும் நேர் தெற்கிலிருந்தும் வரும் அலைகளை இலங்கை மறித்துக்கொள்கிறது. தீவின் கிழக்கு விளிம்பைத் தாண்டி, தென்தென்கிழக்குக் கோணத்தில் நழுவி வருவதுதான் நமக்கு. மறிக்க ஏதுமில்லாத பொத்துவில் அறுகம் குடாவில் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை உலகெங்குமிருந்து சறுக்குக்காரர்கள் கூடுகிறார்கள். ஒரே புயல், ஒரே ஸ்வெல். அங்கே ஆளுயரம், இங்கே இடுப்பளவு. ஆகையால் கோவளத்துக்கான கணிப்பைப் படிப்பவர் உயரம், விநாடி இரண்டோடு திசையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். திசை பத்து டிகிரி மாறினாலும் இலங்கையின் நிழல் கூடும், குறையும்.

அடுத்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையைக் கொந்தளிக்க வைக்கும். அதே காற்று மலையைத் தாண்டி நிலத்தின் மேல் வந்து, காலையில் கோவளத்தில் கரைக்காற்றாக, மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும். எழும் அலையின் முகத்தில் எதிர்க்காற்று தாங்கிப் பிடிப்பதால், அது உடனே சரிந்துவிடாமல் நிமிர்ந்து நின்று, பிறகு ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக உடைந்துகொண்டே போகும். சறுக்குவதற்கு வேண்டியது அதுதான். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பியதும் கதை மாறிவிடும். அதே அலை முதுகில் அடி வாங்கிக் கண்டபடி நொறுங்கும். கடற்காற்றுக்காக ஏங்கிக் கிடக்கும் சென்னைவாசிகளுக்கு அது வரம். பலகைக்காரர்களுக்கு வீட்டுக்குப் போகும் மணி.

ஆசிய அலைச்சறுக்குப் போட்டியை 2025 ஆகஸ்டு 3 முதல் 12 வரை மாமல்லபுரத்தில் நடத்தியதும் இந்தப் பருவக் கணக்கோடு பொருந்துகிறது. அதில் கர்நாடக வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அலைச்சறுக்குப் போட்டிகளுக்குப் பல நாள் ஒதுக்குவது, கணிப்பைப் பார்த்து நல்ல அலை வரும் வேளையில் சுற்றுகளை நடத்தத்தான்.

அக்டோபருக்குப் பிறகு வாடை. வடகிழக்குக் காற்று கடலிலிருந்து நேரே கரைமேல் அடிக்கும். உயரம் இருக்கும், ஒழுங்கு இருக்காது. வங்கக்கடலில் புயல் உருவானால் பேச்சே வேறு. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியது. சக்கர நாற்காலியில் வருவோர் அலை பார்க்கவென்று மெரினாவில் சில நாள் முன்புதான் திறந்திருந்த மரப்பாதையின் ஒரு பகுதியை அந்தக் கொந்தளிப்பு பெயர்த்துவிட்டது.

இவ்வளவும் சரியாகக் கணித்த பிறகும், கடைசி இருநூறு மீட்டர் கணினிக்கு எட்டுவதில்லை. கோவளம் மணல் கரை. அலை தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும். எங்கே உடையும் என்பதைத் தண்ணீருக்கடியில் கிடக்கும் மணல்திட்டு முடிவு செய்கிறது. அந்தத் திட்டு இன்று இருக்கும் இடத்தில் அடுத்த மாதம் இருக்காது. தெந்தி ஓடும் மாதங்களில் மணல் வடக்கே நகரும். வன்னி ஓடும் மாதங்களில் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர் கடலுக்குள் நீண்டபோது அந்த மணலோட்டம் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. கோவளத்துக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டு முகத்துவாரமும் இருக்கிறது. பெருமழையில் அது உடைத்துக்கொண்டு ஓடும்போது உள்ளிருக்கும் மணலைக் கடலுக்குத் தள்ளும். ஓதம் வேறு. இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவுக்கு வேறுபடும். வற்றத்தில் திட்டின் மேல் அழகாக உடையும் அலை, ஏற்றத்தில் திட்டைத் தாண்டி வந்து கரையோரத்தில் ஒட்டுமொத்தமாக மடிந்து விழும்.

ஆகவே கரையில் ஆள் வேண்டியிருக்கிறது. கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி நடத்தும் மூர்த்தி மேகவன் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தக் கரையில் பல இளைஞர்கள் பலகை ஏறக் காரணமானவர். பரம்பரையாக அலை தாண்டிப் படகு தள்ளியவர்கள் இந்த விளையாட்டில் முன்னே நிற்பதில் வியப்பில்லை. கட்டுமரத்தைக் கரைக்குக் கொண்டுவர எந்த அலையைப் பிடிப்பது, எதை விட்டுவிடுவது என்ற தேர்வும் பலகைமேல் செய்யும் தேர்வும் ஒன்றேதான்.

பலகைக்காரர்கள் நீருக்குள் இறங்குமுன் பத்து நிமிடம் சும்மா நின்று பார்ப்பார்கள். நீண்ட அலைகள் கூட்டமாக வரும். நாலைந்து பெரியவை வந்துவிட்டு, பிறகு சில நிமிடம் கடல் அடங்கிக் கிடக்கும். அந்தக் கூட்டத்தை அவர்கள் ‘செட்’ என்கிறார்கள். இந்த ஓய்வு நேரம்தான் கடலறியாதவரை உள்ளே இழுக்கிறது. ‘அலையே இல்லை’ என்று முழங்கால் ஆழத்துக்குப் போய் நிற்கும்போது அடுத்த செட் வந்துவிடும்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். நண்பர் வீட்டுத் திருமணத்துக்கு வந்தவர்கள். தென்கடலில் பிறந்து நாள்கணக்கில் பயணம் செய்து வந்த நீண்ட அலைகள் அந்த நாட்களில் தென்கரையைத் தாக்கிக்கொண்டிருந்தன. உள்ளூரில் காற்றோ மழையோ அறிகுறி காட்டாமல் வருவதால் கேரள மீனவர்கள் இதற்கு ‘கள்ளக்கடல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலக அறிவியல் வழக்கிலும் இப்போது அதே சொல்தான்.

கள்ளக்கடல் சொல்லாமல் வரவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக ‘இன்காய்ஸ்’, முன்பே எச்சரித்திருந்தது. நாட்டின் கரைநெடுக மிதவைகள் வைத்து அலையை அளந்து, கணினி மாதிரிகளில் ஓட்டி, அன்றாடம் கடல்நிலைக் கணிப்பு வெளியிடும் நிறுவனம் அது. ஸ்வெல் எழுச்சிக்கென்றே 2020-இல் தனி முன்னெச்சரிக்கை முறையையும் தொடங்கியது. மீனவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்துப் படகை மேலே இழுத்து வைக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைப்பவருக்கு அது போய்ச் சேர்வதில்லை.

அப்படி வருபவர் கவனிக்க வேண்டியது அதிகமில்லை. இருபுறமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்க, நடுவே ஓர் இடம் மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரிந்தால், குளிக்க வசதியான இடம் என்று தோன்றும். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் மணல்திட்டுகளின் இடைவெளி வழியாகக் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துவிடுவார். மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்கலாம். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அலை உடையும் இடத்துக்கு வந்துவிட்டால், அலையே கரைக்குத் தள்ளிவிடும். பலகைக்காரர்கள் கடலுக்குள் போகப் பயன்படுத்துவது இதே வாய்க்காலைத்தான்.

துறைமுகம் வருமுன் சென்னையில் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசுலாப் படகுகளில் பயணிகளையும் சரக்கையும் அலைவரிசைகளைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். கரையலை கடக்க முடியாதபடி இருக்கும் நாட்களில் கடற்கரையில் ஒரு கொடி ஏற்றப்படும். கப்பலில் இருப்பவர் அதைப் பார்த்து இறங்காமல் காத்திருப்பார். அன்று அந்தச் செய்தி யாருக்கு வேண்டுமோ அவர் கண்ணுக்கு நேரே பறந்தது. இன்று அதைவிடத் துல்லியமான செய்தி ஒரு வாரம் முன்னதாகவே தயாராக இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் தமிழ்நாட்டுக் கரையில் மக்கள் குளிக்க இறங்கும் ஒவ்வொரு பாதையின் தலைப்பிலும் ஒரு கரும்பலகை வைத்து, நாள்தோறும் காலையில் மூன்று எண்களை எழுத ஓர் ஆளை நியமித்தால் போதும். உயரம், திசை, எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக விநாடி. கீழே, இன்று இறங்கலாமா கூடாதா என்று ஒரு சொல். எழுதத் தெரிந்த ஆட்கள் அந்தந்தக் குப்பத்திலேயே இருக்கிறார்கள், காலை ஐந்தே முக்காலுக்கே கரைக்கு வந்துவிடுகிறார்கள்.