திரவப் பளிங்குகளின் மூலக்கூற்று அமைப்பும் காட்சித்திரைகளின் விரைவும் ஆயுளும்

திரவப் பளிங்குக் காட்சித்திரைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இலத்திரனியலின் வளர்ச்சியையே முதன்மைப்படுத்துவர். திரையின் பின்னே இயங்கும் சுற்றுகள் முக்கியமானவையே. ஆயினும் ஒரு திரை எவ்வளவு விரைவாக மாறும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்பவற்றைப் பெருமளவில் நிர்ணயிப்பது இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்லிய படலமாக நிற்கும் சேதனச் சேர்வைகளின் கலவையாகும். அச்சேர்வைகளின் மூலக்கூறுகள் எவ்வாறு திட்டமிட்டு அமைக்கப்பட்டன என்பதையே இங்கு நோக்குகின்றோம்.

1888ஆம் ஆண்டில் பிராக் நகரில் பணியாற்றிய தாவரவியலாளர் பிரீட்றிக் றைனிற்சர், கொலஸ்தரைல் பென்சோவேற்று 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கிய திரவமாவதையும், 178.5 பாகையில் அக்கலங்கல் நீங்கித் தெளிவதையும் கண்டார். அவர் அனுப்பிய மாதிரியை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த ஒற்றோ லேமன், அத்திரவம் பளிங்கைப் போன்றே ஒளியைக் கையாள்வதை உணர்ந்தார். இவ்வினத்துள் நமக்கு வேண்டியது நெமற்றிக் எனப்படும் நிலை. அதில் கோல் வடிவான மூலக்கூறுகள் இடத்தால் ஒழுங்கற்றும் திசையால் ஏறத்தாழ ஒன்றுபட்டும் நிற்கும். வாய்க்கால் நீரில் இழுபட்டுச் செல்லும் வைக்கோற் துரும்புகளை இதற்கு ஒப்பிடலாம். மின்புலமொன்றைப் பிரயோகித்தால் அக்கோல்கள் திரும்புகின்றன. அவை திரும்பினால் ஒளியின் பாதை மாறுகின்றது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் பயன்பாடு பிறக்க எண்பது ஆண்டுகள் சென்றன. 1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் ஹைல்மையர் குழுவினர் முதற் திரவப் பளிங்குக் காட்சிக் கருவிகளை அறிவித்தனர். 1970இன் இறுதியில் சுவிற்சலாந்தின் பாசெல் நகரில் ஷாற், ஹெல்பிறிக் ஆகிய இருவரும், மூலக்கூறுகளின் வரிசை ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்குச் செல்லும்போது 90 பாகை முறுக்கப்படும் கலத்துக்குக் காப்புரிமை கோரினர். குறுக்காக வைக்கப்பட்ட இரு முனைவாக்கிகளுக்கிடையே இம்முறுக்கு ஒளியைக் கடத்தும். வோல்ற்றளவு கொடுத்ததும் முறுக்கு அவிழ்ந்து இருள் தோன்றும். கருவி கிடைத்துவிட்டது, அதனுள் இடத் தகுந்த பொருள் கிடைக்கவில்லை.

அக்காலத்து அறை வெப்பநிலை நெமற்றிக்குகளுட் பல ஷிவ் மூலங்கள் எனப்படும் வகையின. அவற்றின் இரு பென்சீன் வளையங்களைக் காபன்-நைதரசன் இரட்டைப் பிணைப்புக் கொண்ட பாலமொன்று இணைத்தது. ஈரலிப்புச் சிறிது புகுந்தாலும் அப்பாலம் நீர்ப்பகுப்புற்று உடையும். வேறு பாலங்களை நாடியபோது, சில ஒளியால் உருமாறின. சில நிறமுடையனவாக இருந்தன. மூலக்கூறு நீளமாக இருந்தாலன்றித் திரவப் பளிங்கு நிலை தோன்றாது. எனவே பாலம் தவிர்க்க முடியாதது என்பதே அன்றைய பொதுக்கருத்து.

இக்கருத்தை மீறியவர் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழக இரசாயனவியலாளர் ஜோர்ஜ் கிறே. எந்த உடனடிப் பயனும் காணப்படாத காலத்திலேயே இத்துறையில் உழைத்து, 1962இல் மூலக்கூற்று அமைப்புப் பற்றி ஒரு நூலையும் எழுதியவர் அவர். அவ்வாண்டுகளில் ஆராய்ச்சிப் பணம் பெறுவதே அவருக்கு அரிதாக இருந்தது. பின்னர் பணம் கொடுத்தது கல்வித்துறையன்று. மோல்வேர்னில் இருந்த அரச றேடார் ஆராய்ச்சி நிலையம். வண்ணத் தொலைக்காட்சிக் குழாய்களுக்காக அமெரிக்க நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டியிருந்த உரிமைக் கட்டணமும் பிரித்தானிய ஆட்சியாளரின் இந்த அக்கறைக்கு ஒரு காரணம் என்பதை இங்கு மறைக்க வேண்டியதில்லை. அறிவுத் தாகம் மட்டும் ஆய்வுகூடங்களை நடத்துவதில்லை.

கிறேயின் தீர்வு எளிமையானது. உடைவது பாலமாயின் பாலத்தையே நீக்கிவிடலாம். இரு வளையங்களையும் நேரடியாகப் பிணைத்து, ஒரு நுனியில் சயனோ கூட்டத்தையும் மறு நுனியில் அற்கைல் சங்கிலியையும் அவர் குழுவினர் பொருத்தினர். 1972இல் உருவாகி 1973இல் வெளிப்படுத்தப்பட்ட இச்சயனோ இருபீனைல்கள் நீராலோ ஒளியாலோ எளிதிற் சிதையவில்லை. சயனோ கூட்டத்தின் வலிய இருமுனைவு காரணமாகச் சிறு வோல்ற்றளவுக்கும் இணங்கின. ஐந்து காபன் சங்கிலியுடைய சேர்வை ஏறத்தாழ 24 முதல் 35 பாகை வரை நெமற்றிக் நிலையில் நிற்கும். குளிர் நாட்டுக் கைக்கடிகாரத்துக்கு இது போதாது. மோல்வேர்னின் பீற்றர் றெயின்ஸ் நான்கு சேர்வைகளைக் கணக்கிட்ட விகிதத்திற் கலந்தார். ஒன்றின் பளிங்காக்கத்தை மற்றொன்று குலைப்பதால் உருகுநிலை தாழ்ந்தது. ஈ7 எனப்பட்ட அக்கலவை -10 முதல் 60 பாகை வரை தொழிற்பட்டது. அன்று தொட்டுத் திரைகளில் தனிச் சேர்வைக்கு இடமில்லை, கலவைகளே ஆள்கின்றன.

ஆயுள் பிரச்சினை இவ்வாறு தணிய, விரைவு பிரச்சினையாயிற்று. மின்புலம் மூலக்கூறுகளைத் திருப்ப மட்டுமே உதவும். அதனை நீக்கியபின் பழைய நிலைக்கு மீட்பது படலத்தின் சொந்த மீள்தன்மையே. அதனை எதிர்ப்பது சுழற்சிப் பிசுக்குமை. வோல்ற்றளவை உயர்த்தித் திருப்பத்தை விரைவாக்கலாம், மீட்சியை அவ்வாறு விரைவாக்க முடியாது. மீட்சி நேரம் பிசுக்குமைக்கு நேர்விகித சமமாகவும், படலத் தடிப்பின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமாகவும், மீள்தன்மை மாறிலிக்கு நேர்மாறாகவும் அமைகின்றது. எனவே தடிப்பைப் பாதியாக்கினால் நேரம் நாலிலொன்றாகும். தொடக்கக் கலங்களில் ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றராக இருந்த இடைவெளி இன்று 3 அல்லது 4 ஆகியிருப்பதன் காரணம் இதுவே. செக்கனுக்கு 120 சட்டங்கள் காட்டும் திரையில் ஒரு சட்டத்துக்குக் கிடைப்பது 8.3 மில்லிசெக்கன் மட்டுமே.

ஆனால் மெல்லிய படலம் ஒளியைப் போதிய அளவு கையாள வேண்டுமாயின் சேர்வையின் இரட்டை முறிவு உயர வேண்டும். அதற்குப் பென்சீன் வளையங்களும் மும்மைப் பிணைப்புகளும் தேவை. அவை மூலக்கூறைப் பெருப்பித்துப் பிசுக்குமையைக் கூட்டும்; ஊதாக்கடந்த கதிரையும் எளிதில் உறிஞ்சும். ஒரு கையால் பெற்றதை மறு கையால் இழக்கும் இந்நிலையே இத்துறை இரசாயனவியலாளரின் அன்றாடத் தொழில். ஜேர்மனியின் மேர்க் நிறுவனத்தார் 1970களின் பிற்பகுதியில் ஒரு பென்சீன் வளையத்துக்குப் பதிலாகச் சைக்கிளோஎட்சேன் வளையத்தை இட்டுப் பிசுக்குமையைக் குறைத்தனர். இரட்டை முறிவும் உடன் தாழ்ந்தது.

மென்படலத் திரான்சிற்றர்கள் வந்தபோது சயனோ கூட்டத்தின் குறையொன்று வெளிப்பட்டது. இத்திரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு கொள்ளளவி. ஒருமுறை ஏற்றிய மின்னேற்றத்தை அடுத்த சட்டம் வரை அது பேண வேண்டும். சயனோ கூட்டமோ மாசு அயன்களைத் தன்பால் ஈர்த்துக் கரைத்து வைத்திருக்கும். அவற்றின் வழியே மின்னேற்றம் கசிந்து படம் மங்கும். வெற்றியைத் தந்த கூட்டமே வெளியேற வேண்டியதாயிற்று. அதன் இடத்தைப் புளோரீன் பெற்றது. ஐதரசனிலும் சற்றே பெரிய அணுவாதலால் அது பிசுக்குமையை அதிகம் உயர்த்துவதில்லை, இருமுனைவைத் தருகின்றது, அயன்களை நாடுவதில்லை, காபனுடன் அதன் பிணைப்பு மிக வலியது. வளையத்தின் பக்கவாட்டில் இரு புளோரீன்களை அருகருகே இட்டால் மூலக்கூறு புலத்துக்குக் குறுக்காகத் திரும்பும். ஹல் குழுவினர் 1989இல் வெளியிட்ட இவ்வகைச் சேர்வைகள் பின்னர் செங்குத்து ஒழுங்கமைவுத் தொலைக்காட்சித் திரைகளுக்கு வழிவகுத்தன.

ஆயுள் என்ற சொல்லுக்கு இங்கு இன்னொரு பக்கமும் உண்டு. இம்மூலக்கூறுகள் திரையில் எதனோடும் இரசாயனப் பிணைப்புற்றவையல்ல. கண்ணாடி உடைந்தால் வெளியேறும். 2019இல் வெளியான ஆய்வொன்று 362 திரவப் பளிங்குச் சேர்வைகளைப் பரிசீலித்து, நாலிலொரு பங்குக்கு அண்மையானவை சூழலில் நிலைத்து நின்று உயிரினங்களில் சேரும் இயல்புடையன என மதிப்பிட்டது. சீனாவின் நான்ஜிங் நகரக் கட்டடங்களிற் திரட்டிய தூசி மாதிரிகளில் ஏறத்தாழ அரைவாசியில் இவை காணப்பட்டன. கலத்தினுள் சிதையாதிருக்கவென அமைக்கப்பட்ட மூலக்கூறு வெளியேயும் எளிதிற் சிதைவதில்லை. பழைய திரைகளைக் கையால் உடைத்துப் பிரித்துப் பிழைக்கும் தொழிலாளரின் வேலைத்தலங்களே இவ்வகையில் முதலில் ஆராயப்பட வேண்டியவை என்பது எமது கருத்து.