உள்வரும் தரவுக்கும் ஒரு வரிசை

ஐஎஃப்பி என்பது லினக்ஸ் கெர்னலுக்குள் இயங்கும் ஒரு மெய்நிகர் பிணையச் சாதனம். இதற்குக் கம்பியும் கிடையாது, சிப்பும் கிடையாது. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகளை வரிசையில் நிறுத்தி, அளவாக உள்ளே விடுவதே இதன் முக்கிய வேலை. ஜமால் ஹாதி சலீம் உருவாக்கிய இது, 2006-இல் வெளியான 2.6.16 பதிப்பில் கெர்னலில் இடம்பெற்றது.

வெளியே போகும் பாக்கெட்டுகளைக் கட்டுப்படுத்துவது எளிது. எதை முதலில் அனுப்புவது, எதைக் காக்க வைப்பது என்று கெர்னலே முடிவு செய்துகொள்ளும். உள்ளே வரும் பாக்கெட்டுகளோ ஏற்கெனவே கம்பியைக் கடந்து வந்துவிட்டவை. அவை நுழையும் இடத்தில் லினக்ஸ் வரிசை எதுவும் வைத்திருப்பதில்லை. வரம்பை மீறியவற்றைக் கைவிடலாமே தவிர, நிறுத்திவைத்து முறைப்படி விட முடியாது.

ஐஎஃப்பி இந்தக் குறையைத் தீர்க்கிறது. டிசி கட்டளையைக் கொண்டு 'ஈத்0' இடைமுகத்தின் நுழைவில் ஒரு வடிகட்டி பொருத்தப்படுகிறது. அதிலுள்ள 'மிர்ரெட்' என்னும் செயல், பாக்கெட்டுகளை 'ஐஎஃப்பி0'-க்குத் திருப்பிவிடுகிறது. அங்கே அவை வெளியே போகும் பாக்கெட்டுகளாகவே நடத்தப்படுகின்றன. ஆகவே எச்டிபி, எஃப்க்யூ-கோடெல், கேக் போன்ற வரிசைமுறைகளை அவற்றின்மீது பயன்படுத்தலாம். முறை வந்ததும் பாக்கெட் பழைய இடத்துக்கே திரும்புகிறது; மேலடுக்குகளுக்கு அது ஈத்0 வழியாக நேரே வந்ததாகத்தான் தெரியும்.

வீட்டில் ஒருவர் பெரிய கோப்பைப் பதிவிறக்கும்போது மற்றவரின் வீடியோ அழைப்பு திணறுவது உண்டு. சேவை நிறுவனத்தின் பக்கம் பாக்கெட்டுகள் தேங்குவது இதற்கு முக்கியக் காரணம். 100 மெகாபிட் இணைப்பில் ஐஎஃப்பி0-இன் வரம்பை 90 என்று வைத்தால், அந்தத் தேக்கம் வீட்டு ரவுட்டருக்கு இடம் மாறும். எஃப்க்யூ-கோடெல் ஒவ்வொரு இணைப்பின் பாக்கெட்டுகளையும் தனித்தனி வரிசையாகப் பிரிக்கிறது. ஒரு வரிசையில் காத்திருப்பு 5 மில்லிவினாடியைத் தாண்டி, 100 மில்லிவினாடி வரை குறையாமல் நீடித்தால், பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். இழப்பை உணரும் சர்வர், டிசிபி நெறிமுறைப்படி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டர்களில் உள்ள எஸ்க்யூஎம் வசதி இப்படித்தான் வேலை செய்கிறது.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. முகவரி மாற்றம் நடப்பதற்கு முன்பே பாக்கெட் திருப்பப்படுவதால், அது வீட்டின் எந்தக் கருவிக்கு உரியது என்பது ஐஎஃப்பி-க்கு நேரடியாகத் தெரியாது. இழப்பைப் பொருட்படுத்தாமல் பாக்கெட்டுகளைக் கொட்டும் தாக்குதலையும் இதனால் தடுக்க முடியாது. அனுப்புபவர் வேகத்தைக் குறைத்தால்தான் உள்வரும் போக்குவரத்து கட்டுக்குள் வரும்.