பள்ளித் தோட்டமும் கோடை விடுமுறையும்

பள்ளிக்கு விடுமுறை உண்டு. பயிருக்கு விடுமுறை இல்லை. பள்ளித் தோட்டங்கள் பல ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் அழிந்துபோவதற்கு இதுவே முதற்காரணம் என்பது எமது அநுபவம். ஆதலின் இத்தோட்டங்களை மாணவரும் ஊராரும் சேர்ந்து எவ்வாறு நிலைநிறுத்தலாம் என்பதை ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பள்ளியில் தோட்டமிடுதல் புதிய கருத்தன்று. காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே கல்விக்கு அடிப்படையாகக் கொண்டது. 1960-களில் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியின் துணையோடு நடைபெற்ற ஊட்ட உணவுத் திட்டத்தில் பள்ளித் தோட்டங்களுக்கு இடம் தரப்பட்டது. 2019-இல் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. திட்டங்கள் குறைவில்லாமல் வந்துள்ளன. தோட்டம் நிலைப்பதற்கு வேண்டிய ஏற்பாட்டில்தான் குறை உள்ளது.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன், எமது பொறுப்பிலிருந்த ஓர் ஒன்றியத்தில், ஒரு நடுநிலைப் பள்ளியில் 3 சென்ட் நிலத்தில் தோட்டம் அமைத்தோம். கம்பிவேலி, விதை, மண்வெட்டி யாவும் அளித்தோம். ஆடியில் விதைத்த வெண்டையும் கத்தரியும் நன்கு காய்த்தன. தைப்பட்டத்திலும் குறைவில்லை. ஏப்ரலில் தேர்வு முடிந்து பள்ளி மூடப்பட்டது. ஜூன் மாதம் சென்று பார்த்தபோது ஒரு செடியும் உயிரோடில்லை. வேலியின் ஒரு மூலை சாய்ந்து, ஆடுகள் புகுந்த சுவடு தெரிந்தது.

ஊராரை வினவினோம். "தண்ணீர் ஊற்ற வந்தோம், ஐயா. கதவு பூட்டியிருந்தது" என்றார் ஒரு முதியவர். மே மாதத்தில் யார் நீர் ஊற்றுவார், சாவி யாரிடம் இருக்கும் என்று நாம் ஒருவரையும் கேட்டதில்லை. தவறு எம்முடையதே. இழப்பு காய்கறியோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு மண்வெட்டியை எடுக்கும்படி சொன்னபோது, "எப்படியும் காய்ந்துதானே போகும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு விடை கூற எம்மால் இயலவில்லை.

கோடைக்கு ஏற்ற முறை

முதலாவதாக, கோடையில் தோட்டம் முழுவதையும் காப்பாற்ற முயலுதல் வேண்டா. கீரையும் வெண்டையும் கத்தரியும் ஆடி, தைப் பட்டங்களுக்கு உரியவை. கோடையில் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, அகத்தி போன்றவற்றில் 20 செடிகளைக் காத்தால் போதும்.

இவற்றுக்குப் பானைப் பாசனம் ஏற்றது. ஒவ்வொரு செடியின் அருகிலும், சுமார் 8 லிட்டர் கொள்ளும் சுட்ட மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தல் வேண்டும். நீர் பானையின் சுவர் வழியே மெல்லக் கசிந்து வேருக்குச் சேரும். செடியைச் சுற்றிச் சருகு பரப்பினால் ஈரம் நீடிக்கும். பானையின் கசிவைப் பொறுத்து மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒரு முறை நிரப்பலாம்.

கணக்கிட்டுப் பாருங்கள். 20 பானைகளுக்கு 160 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் 11 குடம். நான்கு நாட்களுக்கு ஒரு முறை எனில், 40 நாள் விடுமுறையில் பத்துத் தடவை. பள்ளியைச் சுற்றியுள்ள பத்து வீட்டார் தலைக்கு ஒரு முறை வந்தால் வேலை முடிந்தது. இதனைச் சுமை என்று எவரும் கூறார்.

தீர்மானமும் சாவியும்

இரண்டாவதாக, இம்முறை ஏற்பாடு வாய்ப்பேச்சாக நிற்றலாகாது. நம் மாநிலத்தில் மார்ச் 22-இலும் மே 1-இலும் கிராம சபை கூடுகிறது. முதற்கூட்டத்தில், எந்த வீட்டார் எந்த நாளில் வருவர் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் இசைவோடு தீர்மானமாக எழுதுக. இரண்டாம் கூட்டத்தில், செடிகளின் நிலையைக் கேட்டறிக. பள்ளியின் பெருங்கதவைத் திறக்க வேண்டாதபடி, தோட்டத்திற்கு மட்டும் தெருப்பக்கம் ஒரு சிறு படல் அமைத்து, அதன் சாவியை அண்டை வீட்டார் ஒருவரிடம் ஒப்படைத்தல் நலம்.

விளைச்சல் யாருக்கு?

மூன்றாவது, பங்கீடு. பொதுத் தோட்டங்கள் பல வறட்சியால் அழிந்ததைவிட ஐயத்தால் அழிந்தது மிகுதி. யாரோ வீட்டிற்கு எடுத்துச் சென்றார் என்னும் ஒரு சொல்லே ஒற்றுமையைக் குலைக்கப் போதுமானது. ஆதலின் பறித்த காயை மாணவர்களே நிறுத்து, எல்லாரும் காணுமாறு கரும்பலகையில் எழுதுக. பள்ளி நாட்களில் விளைந்தது முதலில் சத்துணவுக்கூடத்திற்கும், பின்னர் அங்கன்வாடிக்கும் சேர்தல் வேண்டும். விடுமுறையில் விளைந்ததை நீர் ஊற்றிய வீட்டார் கொள்ளட்டும். எஞ்சியதை விற்ற பணம் அடுத்த பட்டத்தின் விதைக்கு ஆகும்.

கற்பதும் கற்பிப்பதும்

பட்டம் பார்க்கவும் பாத்தி கட்டவும் அறிந்த உழவர், வாரம் ஒரு மணி நேரம் தோட்டத்திற்கு வருதல் வேண்டும். இரு புறமும் நின்று பிள்ளைகளின் கை எட்டும்படி பாத்தியின் அகலம் 3 அடிக்கு மேற்படாதிருக்கட்டும். சிறுவர் புழங்கும் இடமாதலின் நச்சு மருந்து அறவே கூடாது. அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடித்து, 10 லிட்டர் ஆக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தால் பூச்சிகள் பெரும்பாலும் கட்டுப்படும். விதைத்த நாள், முளைத்த நாள், பறித்த எடை இவற்றை மாணவர் குறித்து வைத்தால், அக்குறிப்பு உழவருக்கும் பயன்படும்.

மேற்கூறிய பள்ளியில் இம்முறையைப் பின்னர் கைக்கொண்டோம். அடுத்த கோடையில் ஒரு சில செடிகள் பட்டன, பெரும்பாலானவை பிழைத்தன. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, முருங்கை தளிர்த்து நின்றதை அம்மாணவி கண்டாள். அன்று மாலையே பாத்தி வெட்டும் வேலை தொடங்கிற்று.

அடுத்து வரும் மார்ச் 22 கிராம சபையில் இப்பொருளை எடுத்துக்கொள்ளுமாறு ஊராட்சி உறுப்பினர்களை வேண்டுகிறோம். பத்து வீட்டாரின் பெயர்களும் ஒரு சாவியும் இருந்தால், உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நட்டது கோடையைக் கடந்து வாழும்.